வேலை முடிந்த பிறகு என்ன செய்வது? கொரியாவுக்குப் புறப்படும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

கொரிய மொழிப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னைக் கண்டால் கேட்பதெல்லாம் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் கிடைக்குமா, எந்த மாதிரிக் கொம்பனி நல்லது என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விகள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஈ-9 என்ற தொழிலாளர் விசாவில் போகிறவர் ஒரு தடவையில் 4 வருடம் 10 மாதம் வரை அங்கே இருக்கலாம். அதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வரும், அவற்றை என்ன செய்யப்போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. விடுதி, தொழிற்சாலை, போன் என்று முழுக்காலத்தையும் அதற்குள்ளேயே முடித்துவிட்டு, பஸ்ஸில் போனால் வந்துவிடக்கூடிய கடலைக்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே கவலை. மலை, கடற்கரை, ஆற்றங்கரைப் பாதை, நூலகம், அருங்காட்சியகம் என்று அந்த நாட்டு நகரங்களில் நல்லதில் பாதிக்கு மேல் காசில்லாமல் கிடைக்கிறது. உள்ளே போகிற வழி தெரிந்திருந்தால் போதும்.

நான் இருந்தது கிம்ஹே. பூசான் என்ற பெரிய துறைமுக நகரத்தை ஒட்டின, சின்னச் சின்னத் தொழிற்சாலைகள் நிறைந்த நகரம். ஆகவே உதாரணமெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். அன்சான், தேகு, சோல் என்று எங்கே விழுந்தாலும் அடிப்படை மாறாது.

முதலில் பெயர், அட்டை, போன்

நாட்டுக்குள் இறங்கி 90 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அட்டைக்குப் பதிய வேண்டும். பெரும்பாலும் கொம்பனியே கூட்டிக்கொண்டு போய்ச் செய்து தரும். அட்டை கைக்கு வந்ததும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை, அதில் பெயர் எப்படி இருக்கிறது என்று வடிவாகப் பார்ப்பது. எங்கள் பெயர்கள் நீளம். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால், பாஸ்போர்ட்டில் இரண்டு மூன்று துண்டாக இருக்கும். வங்கியில் அதைச் சேர்த்து எழுதுவார்கள், போன் கடையில் இடைவெளி விட்டு எழுதுவார்கள், இன்னோர் இடத்தில் கட்டம் போதவில்லை என்று கடைசி எழுத்துகளை விட்டுவிடுவார்கள். அந்த நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒன்லைனில் சாமான் வாங்கப் போனாலும், பழைய சாமான் விற்கிற செயலியில் சேரப் போனாலும், போன் இலக்கத்தையும் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்து ஆளைச் சரிபார்ப்பார்கள். அங்கே ஓர் இடைவெளி மாறியிருந்தாலே கதவு திறக்காது. எனவே வங்கியிலும் போன் கடையிலும் அட்டையை மேசையில் வைத்து, எழுத்துக்கு எழுத்து, இடைவெளிக்கு இடைவெளி அதில் உள்ளபடியே பதியச் சொல்லுங்கள். கையெழுத்து வைக்க முதல் அவர்கள் அச்சடித்துத் தரும் தாளை வாசியுங்கள். பின்னால் வரிசை நிற்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம், அந்த ஐந்து நிமிடம் பிறகு எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும்.

அட்டை வரும்வரை பாஸ்போர்ட்டைக் காட்டி முற்கொடுப்பனவு சிம் வாங்கலாம். வந்ததும் பெரிய கொம்பனிகளின் விலை கூடின திட்டத்துக்குப் போகாமல், அவர்களுடைய கோபுரத்தையே பயன்படுத்தும் மலிவுத் திட்டங்களைத் தேடுங்கள். ‘அல்தூல்போன்’ என்று கேட்டால் காட்டுவார்கள். வீடு அல்லது விடுதி மாறினால் இரண்டு கிழமைக்குள் புது முகவரியை அறிவித்துவிடுங்கள், தவறினால் தண்டப்பணம்.

போனில் போட வேண்டியவை நாலு. கூகுள் மேப் அங்கே நடைவழி காட்டுவதில் சரிப்பட்டு வராது, வரைபடத் தரவை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அரசாங்கம் கட்டுப்பாடு வைத்திருப்பதுதான் காரணம். நேவர் மேப் போடுங்கள், ஆங்கிலத்திலும் இருக்கிறது, எந்த பஸ் எத்தனை நிமிடத்தில் வரும் என்பதுவரை சொல்லும். கதைப்பதற்குக் காகாவோ டாக், அது இல்லாதவரை கொரியாவில் ஆள் கணக்கில் எடுக்க மாட்டார்கள். மொழிபெயர்க்கப் பபாகோ, மருந்துப் பெட்டியையும் கரண்ட் பில்லையும் படம் பிடித்தாலே வாசித்துத் தரும், தமிழ் இல்லை, ஆங்கிலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்ஸிக்குக் காகாவோ டி.

பஸ், ரயிலுக்கு டி-மணி மாதிரியான அட்டை ஒன்றை எந்த மூலைக் கடையிலும் வாங்கிக் காசு ஏற்றலாம். ஏறும்போது தட்டுவது எல்லோருக்கும் தெரியும், இறங்கும்போதும் தட்ட வேண்டும். அப்போதுதான் அரை மணித்தியாலத்துக்குள் அடுத்த பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ மாறினால் புதிதாகக் கட்டணம் வெட்டாமல் விடும். பஸ்ஸில் முன்னால் ஏறிப் பின்னால் இறங்குங்கள், கையில் திறந்த கோப்பிக் கோப்பை இருந்தால் சாரதி ஏற்ற மாட்டார். ரயிலில் ஓரத்தில் இருக்கும் முதியோர் இருக்கை வெறுமையாகக் கிடந்தாலும் உட்காராதீர்கள்.

குப்பையும் அறையும்

அயலவரோடு வருகிற முதல் சண்டை பெரும்பாலும் குப்பையில்தான் தொடங்கும், ஆகவே இதை முதல் கிழமையிலேயே பழகிவிடுங்கள். 1995இலிருந்து கொரியாவில் குப்பையின் அளவுக்குக் காசு என்ற முறை. சாதாரணக் குப்பையை அந்த நகரத்துக்கோ வட்டாரத்துக்கோ உரிய பையில்தான் போட வேண்டும், பையை மூலைக் கடையில் லீற்றர் கணக்கில் வாங்க வேண்டும், கிம்ஹே பை பூசானில் செல்லாது. சாப்பாட்டுக் கழிவு தனி. போத்தல், பிளாஸ்டிக், கடதாசி, தகரம் எல்லாம் கழுவி வேறாக்கிப் போட வேண்டும். எங்கள் ஆட்கள் தடுமாறுகிற இடம் சாப்பாட்டுக் கழிவு: விலங்கு தின்னக்கூடியதுதான் அதற்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோழி எலும்பு, மீன் முள், நண்டுக் கோது, முட்டைக் கோது, வெங்காயச் சருகு, தேயிலைச் சக்கை எல்லாம் சாதாரணக் குப்பைப் பைக்குத்தான். நண்டுக் கறி வைக்கிற நாளில் இது ஞாபகம் இருக்கட்டும்.

சப்பாத்தை வாசலில் கழற்றுவது எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. சூடு நிலத்திலிருந்து வரும், தரைக்கடியில் குழாயில் வெந்நீர் ஓடுகிற முறை, ஒண்டோல் என்பார்கள். மாரியில் நிலத்தில் மெத்தை போட்டுப் படுத்துப் பாருங்கள், கட்டிலே வேண்டாம் என்று தோன்றும். மாரி காலத்தில் இரண்டு மூன்று நாள் வெளியே போனால் பொயிலரை முழுக்க அணைக்காதீர்கள். சுவரில் இருக்கிற பெட்டியில் ‘வெளியே போகிறேன்’ என்ற நிலை ஒன்று இருக்கும், அதில் விடுங்கள். இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கலாம். உறைகுளிர் இரவில் தண்ணீர்க் குழாயை நூல் போல ஒழுக விட்டுப் படுப்பதும் அதற்குத்தான்.

குளிரைப் பற்றி இன்னொன்று. கச்சான் காற்றில் வளர்ந்த உடம்பு எங்களுடையது. பூசான் பக்கம் சோலை விடக் குளிர் குறைவுதான், ஆனாலும் தை மாதத்தில் சுழியத்துக்குக் கீழே போகும், கடல் காற்று காதை அறுக்கும். கொழும்பில் விலை கொடுத்துத் தடித்த ஜக்கெட் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கேயே மலிவாக, அந்தக் குளிருக்கென்று செய்தது கிடைக்கும். உள்ளே ஒட்டின மெல்லிய உடுப்பு, அதற்கு மேல் கம்பளி, அதற்கு மேல் காற்றுப் புகாதது. தங்குவதற்குக் கொம்பனி தருகிற இடத்தில் சூடே இல்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டாம், அது உயிர் போகிற விஷயம். 1577-0071 என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் ஆலோசனை இலக்கத்துக்கு எடுங்கள், சிங்களத்தில் கதைக்க ஆள் உண்டு.

குசினி

சமைக்கத் தெரியாமல் போகாதீர்கள், பையன்கள் முக்கியமாக. தொழிற்சாலையில் மதியச் சாப்பாடு கிடைக்கும், ஆனால் ஒரு மாதத்துக்குள் சொதிக்கும் சம்பலுக்கும் நாக்கு ஏங்கத் தொடங்கும். கிம்ஹேயின் தொங்சாங்-தொங் பக்கம், பழைய சந்தையைச் சுற்றி, வெளிநாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பருப்பு, பாஸ்மதி, தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பால், மசாலாத் தூள் எல்லாம் எடுக்கலாம். வெளிநாட்டவர் கூடுகிற எந்த நகரத்திலும் இப்படி ஒரு தெரு இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் ஞாயிற்றின் வேலை.

ஆனால் எல்லாவற்றையும் அங்கேதான் வாங்க வேண்டும் என்றில்லை, கொரியச் சந்தையிலேயே எங்கள் சமையலுக்குப் பொருந்துகிறது நிறைய இருக்கிறது. மீனில் ‘சம்ச்சி’ என்று கேளுங்கள், எங்கள் அறுக்குளாவின் இனம்தான், சதை கொஞ்சம் மென்மை. குழம்பில் உடையாமல் இருக்கப் பெரிய துண்டாக வெட்டித் தரச் சொல்லுங்கள். கணவாய் தாராளம். நெத்தலிக் கருவாடு எந்தச் சுப்பர் மார்க்கட்டிலும் உண்டு, அளவு பார்த்து வாங்க வேண்டும்: விரல் நீளத்துக்குப் பெரிதாக இருப்பது சூப்புக்கு அவிக்கிறது, பொரித்தால் கசக்கும், நகத்தளவு சின்னது சும்மா வறுக்கிறது, இடைப்பட்டதுதான் எங்கள் பொரியலுக்கும் தீயலுக்கும் சரி. கொரிய மிளகாய்த்தூள் நிறத்துக்குத்தான், உறைப்பு நம்ப வேண்டாம். அரிசி குட்டையாகப் பசைப்பிடிப்போடு இருக்கும், கறிக்கு அவ்வளவு எடுபடாது, ஆனால் பொங்கலுக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது. தோல் நீக்கிய பயறும் அங்கே கிடைக்கும், தைப்பொங்கலன்று லீவு இருக்காது, வேலை முடிந்து வந்து இரவில் பொங்கலாம். மாரியில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், வாய் அகலமான போத்தலில் வைத்தால் கரண்டியால் எடுக்கலாம். கருவாடு பொரிக்கிற நாளில் யன்னலைத் திறந்து, காற்றிழுக்கும் விசிறியைப் போட்டு, முடிந்தால் பகலில் பொரியுங்கள். அடுத்த அறைக்காரருக்கு அந்த மணம் தாங்காது, அதற்காக அவரைக் கெட்டவர் என்று எண்ணக் கூடாது.

வெளியே சாப்பிடும்போது: தண்ணீர் இலவசம், சிறு தட்டுகளில் வருகிற பக்கக் கறிகள் முடிந்தால் திரும்பக் கேட்கலாம், அதற்கும் காசில்லை. மேசை ஓரத்து லாச்சியைத் திறந்தால் கரண்டியும் குச்சியும் இருக்கும், ஆளைக் கூப்பிட மேசையில் மணி இருக்கும், காசு போகும்போது வாசலில் கட்டுவது, டிப்ஸ் கொடுக்கிற வழக்கமே இல்லை. இறைச்சி சுடுகிற கடைகள் பலவற்றில் ஒரு ஆளுக்குத் தர மாட்டார்கள், குறைந்தது இரண்டு பேர் வேண்டும்.

வெள்ளிக்கிழமை மரக்கறிக்காரருக்கும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் சகோதரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூசானின் பேர்போன ‘தேஜி குக்பாப்’ பன்றி எலும்புச் சூப்பு. கிம்ச்சியில்கூட மீன் சாறோ இறால் உப்போ சேர்ந்திருக்கும், பச்சை மரக்கறிச் சூப்பு என்று தெரிவதும் நெத்தலி அவித்த தண்ணீராக இருக்கும். பிபிம்பாப் என்ற கலவைச் சோறு, கிம்பாப் என்ற கடற்பாசியில் சுற்றின சோற்று உருளை வாங்கும்போது ‘கொகி பே ஜுசேயோ’ என்றால் இறைச்சி போடாமல் தருவார்கள், கிம்பாப்பில் இருக்கிற பன்றிக் குச்சிக்கு ‘ஹெம் பே ஜுசேயோ’ என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூசானில் 1980இல் கட்டிய பள்ளிவாசல் ஒன்று முதலாம் இலக்க ரயில் பாதையில் தூசில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. தொழுகைக்குப் போனாலே ஹலால் இறைச்சி எங்கே என்று அங்கிருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை

இதுதான் நான் எழுத வந்த விஷயம். ஒரு ஞாயிறு முழுக்க நித்திரை கொள்ளலாம், உடம்பு கேட்கும், தப்பில்லை. ஆனால் அடுத்தடுத்த ஞாயிறுகளில் காலை எட்டு மணிக்கு எழும்பி வெளியே போய்ப் பழகுங்கள்.

முதலில் மலை. கொரியர்களுக்கு மலை ஏறுவதுதான் பொழுதுபோக்கு. அறுபது எழுபது வயது அம்மாமார் தலை முதல் கால் வரை மலை உடுப்புப் போட்டுக்கொண்டு உங்களைத் தாண்டிப் போவார்கள். பூசானில் கும்ஜொங்சான் இருக்கிறது, உச்சி 801 மீற்றர். முதலாம் இலக்க ரயிலில் பொமொசா நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் ஏறினால் 678இல் தொடங்கிய பொமொசா பௌத்த கோயிலின் அடிவாரத்துக்கு வந்துவிடலாம். கோயிலைப் பார்த்துவிட்டுப் பின்னால் இருக்கும் பாதையில் ஏறுங்கள். மேலே பழைய மலைக்கோட்டை மதில் முதுகெலும்பு மாதிரி வளைந்து வளைந்து போகும், அதன் ஓரத்தால் தெற்குப் பக்கம் நடந்தால் ஒரு பக்கம் நகரம், மறு பக்கம் நாக்டோங் ஆறு. தண்ணீர்ப் போத்தல், கிம்பாப் இரண்டு உருளை, பிடிமானமுள்ள சப்பாத்து போதும். மேலே யாராவது தோடம்பழம் உரித்து நீட்டுவார்கள், இரண்டு கையாலும் வாங்கி ‘கம்சஹம்னிதா’ சொல்லுங்கள். நான் கொரிய மொழி கதைக்கப் பழகினதில் பெரும்பங்கு மலையில்தான். தொழிற்சாலையில் காதில் விழுவது கட்டளை, மலையில் ஆட்கள் ஆறுதலாகக் கேட்பார்கள், எந்த ஊர், அம்மா அப்பா சுகமா, சாப்பிட்டாயா என்று.

இறங்கும்போது ஒன்சொன்ஜாங் பக்கமாக இறங்குங்கள், கால் வலித்தால் பாதித் தூரத்துக்குக் கேபிள் கார் உண்டு. அந்த வட்டாரம் பழைய காலத்திலிருந்தே வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது. கன்னியாவில் ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி ஊற்றினவர்களுக்கு வெந்நீர் புதிதில்லை, ஆனால் அங்கே முறை வேறு. வாசலில் சப்பாத்தைச் சின்ன அலுமாரியில் பூட்டி அந்தத் திறப்போடு காசு கட்டுமிடத்துக்குப் போக வேண்டும், உடுப்பு வைக்க வேறு திறப்புத் தருவார்கள். ஆண், பெண் வேறு வேறு பக்கம். உள்ளே எல்லோரும் உடுப்பில்லாமல்தான், காற்சட்டையோடு தொட்டியில் இறங்க விட மாட்டார்கள். முதல் ஐந்து நிமிடம் எங்கே பார்ப்பது என்று தெரியாது, பிறகு யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்பது விளங்கும். சின்னப் பிளாஸ்டிக் ஆசனத்தில் உட்கார்ந்து சவர்க்காரம் போட்டு முழுக்கக் கழுவிவிட்டுத்தான் தொட்டிக்குள் போக வேண்டும், துவாயைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது, நீள முடி என்றால் கட்ட வேண்டும். குறைந்த சூட்டுத் தொட்டியில் தொடங்கி, பிறகு கூடினதுக்குப் போய், கடைசியில் குளிர்த் தொட்டி. ஊத்தை உருட்டுகிற பச்சைத் துணி கடையில் மலிவு, ஒரு தடவை உரசிப் பார்த்தால் இவ்வளவு நாளும் எதைக் குளியல் என்று நினைத்தோம் என்று தோன்றும். ஜிம்ஜில்பாங் என்ற பெரிய இடங்களில் குளித்த பிறகு அவர்கள் தருகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆண் பெண் எல்லோரும் இருக்கிற சூட்டு அறைகளில் படுக்கலாம், அவித்த முட்டையும் இனிப்பான அரிசிப் பானமும் வாங்கிச் சாப்பிடலாம், இரவு முழுக்கத் திறந்திருக்கிற இடமென்றால் அங்கேயே நித்திரை கொள்ளலாம். ஊர் சுற்றப் போய்க் கடைசி ரயிலைத் தவறவிட்டால் ஹோட்டலை விட இது எவ்வளவோ மலிவு.

கடல். கிம்ஹேயிலிருந்து இலகு ரயிலில் சாசாங் வந்து இரண்டாம் இலக்கத்துக்கு மாறினால் க்வாங்கல்லி, ஹேஉண்டே என்ற இரண்டு கடற்கரைகளும் ஒரே பாதையில். உப்புவெளியும் நிலாவெளியும் பார்த்த கண்ணுக்கு மணலும் தண்ணீரும் பெரிதாகத் தெரியாது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் க்வாங்கல்லியில் இரவில் பாலம் முழுக்க வெளிச்சத்தோடு நிற்கிறபோது மணலில் உட்கார்ந்து பாருங்கள், சனி இரவுகளில் ட்ரோன்களை வானத்தில் பறக்கவிட்டுப் படம் காட்டுவார்கள், அதுவும் இலவசம். குளிப்பது கோடை காலத்தில், கடற்கரை அதிகாரபூர்வமாகத் திறந்திருக்கும் நாட்களில், மிதவைக் கயிற்றுக்கு உள்ளே மட்டும். டச்சுக்குடாவில் நீந்திப் பழகின பையன்களுக்குக் கயிற்றைத் தாண்டிப் போகக் கை துடிக்கும், போகாதீர்கள், விசில் அடித்துத் திருப்பி எடுப்பார்கள்.

தூண்டில் ஆசை உள்ளவர்களுக்கு: கரையில் நின்று தூண்டில் போட அனுமதிப்பத்திரம் தேவையில்லை, ஆனால் மீன் வகைக்கு ஏற்ப ஆகக் குறைந்த அளவும் தடைக்காலமும் உண்டு, சின்னதைத் திருப்பி விடுங்கள். அலைதாங்கிகளில் நாலு கால் கொண்ட கொங்கிரீட் கட்டைகள் குவித்திருப்பார்கள், அதன் மேல் ஏறவே வேண்டாம். பாசி வழுக்கி இடுக்குக்குள் விழுந்தால் வெளியே தெரியாது, கத்தினாலும் அலைச்சத்தத்தில் கேட்காது. கொரியர்கள் நிற்கிறார்களே என்று நீங்கள் நிற்காதீர்கள். மட்டி, கடலட்டை, சங்கு என்று கரையில் கண்டதைப் பொறுக்கவும் கூடாது. அந்தக் கரைக்கடல் பக்கத்து மீனவக் கிராமத்துக்கென்று ஒதுக்கியது, எடுத்தால் களவுக் கணக்கில் பொலிஸுக்குப் போகும்.

விளையாட்டு என்றால் பேஸ்போல் பாருங்கள். கிரிக்கெட் தெரிந்தவருக்கு இரண்டு இனிங்ஸில் பிடிபட்டுவிடும். பூசானின் லொத்தே ஜயன்ட்ஸ் அணியின் மைதானம் சாஜிக், கிம்ஹே இலகு ரயிலில் தேஜோவில் மாறி மூன்றாம் இலக்கத்தில் போகலாம். பங்குனிக் கடைசியிலிருந்து ஐப்பசி வரை பருவம், திங்களில் ஆட்டம் இல்லை, வசந்தத்தில் ஞாயிறு ஆட்டம் பகல் இரண்டு மணிக்கு. சாப்பாட்டை வெளியே வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பாட்டு, எழும்பி நின்று கத்த வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர் உங்களையும் எழுப்பிவிடுவார். லொத்தே கடைசியாகக் கிண்ணம் எடுத்தது 1992இல், இருந்தும் ஆட்கள் வருவதை நிறுத்தவில்லை, அந்த விசுவாசம் எனக்குப் பிடிக்கும். கிரிக்கெட்டேதான் வேண்டும் என்றால் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் பையன்கள் ஞாயிறுகளில் ஆற்றங்கரைத் திடல்களில் ஆடுவார்கள், விடுதியில் விசாரித்தால் தெரியும். 2014 இன்சொன் ஆசிய விளையாட்டில் இலங்கை கிரிக்கெட்டில் தங்கம் வென்றதை அங்கே கொரியர்களுக்குச் சொல்லிப் பாருங்கள், வியந்துபோவார்கள்.

பழைய சைக்கிள் ஒன்று வாங்கினால் நாக்டோங் ஆற்றுப் பாதை முழுக்க உங்களுடையது. இன்சொனிலிருந்து பூசான் முகத்துவாரம் வரை 633 கிலோமீற்றர் சைக்கிள் பாதை, வழியில் சிவப்புக் கூண்டுகளில் முத்திரை குத்திக்கொள்ளலாம். முழுதும் ஓட வேண்டியதில்லை, உங்கள் பக்கத்துத் துண்டை ஓடுங்கள். மழை நாளென்றால் கிம்ஹே தேசிய அருங்காட்சியகம் இலவசம். பக்கத்திலேயே அந்தப் பகுதியைப் பழங்காலத்தில் ஆண்ட சூரோ அரசனின் கல்லறை, கொஞ்சம் வடக்கே அரசியின் கல்லறை. கப்பலில் அயூதா என்ற நாட்டிலிருந்து கி.பி. 48இல் வந்தவள் என்று 13ஆம் நூற்றாண்டு நூல் ஒன்று சொல்கிறது. அயோத்தி என்பார் பலர், தமிழ்க்கரை என்பாரும் உண்டு. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை, புல்மேடும் பைன் மரங்களுமாக அமைதியான இடம், அதற்காகவே போகலாம். பங்குனிக் கடைசியில் ஜின்ஹேக்குப் போங்கள், எங்கள் ஊர் மாதிரியே கடற்படைத் துறைமுகம், செரி மரங்கள் பூத்து நிற்கிற அந்தக் கொஞ்ச நாளில் படைத்தளத்துக்குள்ளும் பொதுமக்களை விடுவார்கள்.

செய்யவே கூடாதவை

கடற்கரையிலோ ரயிலிலோ தெரியாத பெண்களைப் படம் எடுக்காதீர்கள். கடலைத்தான் எடுத்தேன் என்று சொன்னாலும் பொலிஸ் போனை வாங்கிப் பார்க்கும், குற்றமென்றால் விசாவும் போகும். ஞாயிறு வேறு இடத்தில் கூலி வேலைக்கு யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், ஈ-9 விசாவில் பதிந்த இடத்தைத் தவிர வேறெங்கும் உழைப்பது சட்டவிரோதம். வீதியில் நிற்கிற வாடகை மின் ஸ்கூட்டருக்குச் சாரதி அனுமதிப்பத்திரம் கட்டாயம், மோட்டார் சைக்கிளுக்குக் காப்புறுதியும் சேர்த்து.

ஆட்களோடு

கொம்பனி இராச்சாப்பாட்டில் சொஜு என்ற கொரிய மதுவை ஊற்றுவார்கள். குடிக்காதவர் முதல் நாளிலேயே சமயம் அல்லது மருந்து என்று சொல்லி உறுதியாக நில்லுங்கள், முதல் தடவை ‘ஒரு சொட்டு’ என்று இறங்கினால் பிறகு நிற்காது. ஆனால் மற்றவர்களுக்கு இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுங்கள், அந்த மரியாதை போதும். இலங்கையர் பெரும்பாலும் சிங்களவர்களாக இருப்பார்கள், சித்திரைப் புத்தாண்டுக்குக் கூப்பிட்டால் போங்கள். ஊரில் என்ன மனத்தாங்கல் இருந்தாலும், அங்கே காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டு வருகிறவர் அடுத்த அறை மல்லியாக, அதாவது சிங்களத் தம்பியாகத்தான் இருப்பார்.

ஞாயிறில் இரண்டு மணித்தியாலத்தை மொழி வகுப்புக்கு ஒதுக்குங்கள். நீதி அமைச்சின் சமூக ஒருங்கிணைப்பு வகுப்பில் 0 முதல் 5 வரை படிகள், வார இறுதியிலும் நடக்கும், பிற்காலத்தில் விசா மாற்றும்போது அந்தச் சான்றிதழுக்குப் புள்ளி உண்டு. சொல்லால் என்ற சந்திரப் புத்தாண்டு, சுசோக் என்ற அறுவடைத் திருநாள் ஆகிய இரண்டு பெரிய விடுமுறைகளுக்கும் ரயில் சீட்டுப் பல நாளுக்கு முன்பே முடிந்துவிடும், கடைகளும் பூட்டியிருக்கும், சாமானை முதலே வாங்கி வையுங்கள். வீட்டோடு கதைக்க நேரம் குறித்துக்கொள்ளுங்கள்: கொரியா மூன்றரை மணித்தியாலம் முன்னால், அங்கே இரவு எட்டு என்றால் இங்கே பின்னேரம் நாலரை, அம்மா தேத்தண்ணி குடிக்கிற நேரம்.

சுகமில்லையென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடாமல் பக்கத்துச் சின்னக் கிளினிக்குக்குப் பதிவு அட்டையோடு போங்கள், காப்புறுதியில் செலவு குறைவு, மருந்து வேறாகப் பார்மசியில். ஞாயிறு அநேகமாகப் பூட்டு, சனி மதியத்துக்குள் காட்டிவிடுங்கள். அவசரத்துக்கு 119, பொலிஸ் 112, விசாக் கேள்விக்கு 1345.

கடைசியாகப் பெட்டி. இறைச்சிப் பொருட்கள், பழம், விதை, செடி கொண்டு போகாதீர்கள், பிடித்தால் தண்டம் பெரிது. கறித்தூளை முத்திரை உடையாத பைக்கற்றில் வையுங்கள். பல்லில் ஓட்டை இருந்தால் இங்கேயே அடைத்துவிட்டுப் போங்கள், கண்ணாடி அங்கே மலிவு, அதே நாளில் செய்து தருவார்கள். சிவப்பு அரிசி மா கொஞ்சம், இடியப்ப உரல் ஒன்று. உரலைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் உடுப்புக்கு நடுவில் போடுங்கள், இல்லாவிட்டால் விமான நிலையத்தில் இது என்ன ஆயுதம் என்று எடுத்து வைத்துக்கொண்டு நிற்பார்கள்.